முழங்கால் குருத்தெலும்பு: செல் மட்டும் போதாது

குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது, அதனால் அதில் விழுந்த பள்ளம் தானாக ஆறாது. எலும்பைத் துளைத்து ரத்தம் கசியவிடும் மைக்ரோஃப்ராக்சரில் பள்ளம் நிரம்பும். நிரம்புவது பெரும்பாலும் நார்க் குருத்தெலும்பு, உழைப்பைத் தாங்கும் வலு அதற்குக் குறைவு. நோயாளியின் சொந்தச் செல்லையே வளர்த்து வைத்த ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழு, 23 பேரிடம் கண்ட பலனை 1994இல் வெளியிட்டது. இப்போது பன்றியின் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன சவ்வில் செல்லை ஏற்றி வைக்கிறார்கள். இதற்கு அமெரிக்கா 2016இல் அனுமதி தந்தது.

முதலில் எடை தாங்காத ஓரத்திலிருந்து, ஆர்த்ரோஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) மூலம் 200–300 மில்லிகிராம் குருத்தெலும்பு எடுப்பார்கள். ஆய்வகத்தில் கொலாஜினேஸ் நொதி செல்களைப் பிரித்தெடுக்கும். பிறகு சில வாரம் வளர்ப்பு. தட்டையான குடுவையில் ஒட்டிப் பெருகும்போது, உருண்டையாக இருந்த செல் நீண்டு தன் குணத்தை இழக்கும். குருத்தெலும்புக்கு உரிய இரண்டாம் வகைக் கொலாஜனைக் குறைத்து, நார்த் திசுவில் இருக்கும் முதல் வகையைச் சுரக்கும். எத்தனை முறை பிரித்துப் பரப்புகிறோமோ அத்தனைக்கு இது கூடும். எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு வளர்ப்பை நீட்டுவது தவறு. சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 லட்சம் செல் போதும்.

செல்லை வைக்கும் இரண்டாம் அறுவையில்தான் நிறைய கெடுகிறது. பள்ளத்தின் ஓரத்தை நல்ல குருத்தெலும்பு வரும்வரை செங்குத்தாக வெட்ட வேண்டும். பிசிறு விட்டால் சவ்வு பிடிக்காது. அடியில் சுரண்டும்போது எலும்பைக் கீறிவிடக் கூடாது. கீறினால் ரத்தத்தோடு மஜ்ஜைச் செல்லும் ஏறி, மறுபடி நார்த் திசுதான் வளரும். ரத்தம் கசிந்தால், குழாயைச் சுருக்கும் அட்ரினலின் மருந்தில் நனைத்த பஞ்சை வைத்து, நின்ற பிறகே மேலே போக வேண்டும். சவ்வைப் பள்ளத்தின் வடிவத்துக்கு வெட்டி, செல் உள்ள பக்கம் எலும்பைப் பார்க்கும்படி வைத்து, ஃபைப்ரின் (ரத்தம் உறைய உதவும் புரதம்) பசையால் ஒட்டி, காலைச் சில முறை மடக்கி நீட்டிப் பாருங்கள். நகர்ந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வளைந்த கால், போன மெனிஸ்கஸ் (மூட்டின் நடுவே மெத்தையாக இருக்கும் திசு), தளர்ந்த ஏ.சி.எல். (முழங்காலின் உள்ளே உள்ள முன் குறுக்குத் தசைநார்): இவற்றைச் சரிசெய்யாமல் செல் வைப்பது வீண். பழைய பள்ளத்தை உண்டாக்கிய அதே சுமை புதுத் திசுவையும் தின்னும். மூட்டு முழுக்கத் தேய்ந்தவருக்கு இந்தச் சிகிச்சை பொருந்தாது.

முதல் சில வாரங்கள் ஊன்றுகோலோடு பகுதி எடை மட்டுமே. முழு எடை சுமார் இரண்டு, மூன்று மாதத்தில். ஓட்டமும் குதிப்பும் ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு. வலி அதற்கு வெகுமுன்பே போய்விடும், அதை நம்பி ஓடிவிடாதீர்கள். திசு அப்போதும் மெத்தென்றுதான் இருக்கும்.