அன்னாசிக்கு ஆரஞ்சு கணக்கு

தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஃபுட் லேப் வேலைக்கு சேர்ந்த முதல் வருஷம், ஒரு அன்னாசி ஜூஸுக்கு "சக்கரை கலந்திருக்கு"ன்னு ரிப்போர்ட் டைப் பண்ணி முடிச்சிட்டேன், கையெழுத்துதான் பாக்கி.

ஜூஸ்ல இருக்கற சக்கரைய எரிச்சு, வர்ற கார்பன் டை ஆக்ஸைடுல கார்பன் 13 எவ்ளோ, 12 எவ்ளோன்னு மெஷின் பாத்து, அத ஒரு நம்பரா குடுக்கும். ஆரஞ்சு, ஆப்பிள்னா மைனஸ் 25 பக்கம் வரும், கரும்பு சக்கரை மைனஸ் 11, 12. ஆரஞ்சு ஜூஸ் மைனஸ் 20 காட்டுச்சுன்னா ஆள் மாட்டினாரு. என் சாம்பிள் மைனஸ் 12. முழுக்க சக்கரத்தண்ணின்னு எனக்கு ஒரே குஷி.

சீனியர், டர்பன்ல இந்திய வம்சாவளிக்காரங்க நெறைய இருக்கற சாட்ஸ்வொர்த்காரர், ஆயாகிட்ட கத்துக்கிட்ட தமிழ்ல மெதுவா கேட்டார், "தம்பி, அன்னாசிக்கு ஆரஞ்சு கணக்கா போட்ட?"

அன்னாசி ராத்திரி இலைத்துளைய தொறந்து காத்த இழுத்து வச்சுக்கிட்டு பகல்ல சக்கரை பண்ற செடி, அதோட நம்பரே கரும்ப ஒட்டித்தான் வரும். காலேஜ்ல எழுதி மார்க் வாங்கின விஷயம் வேற! கையெழுத்து போட்டிருந்தா ஒழுங்கா பிழிஞ்சு வித்தவன் மேல திருட்டுப்பட்டம். 1860ல மெட்ராஸ்லேந்து கப்பல்ல ஆளுங்கள கொண்டு வந்ததே இங்க கரும்புக்குத்தான், சீனியர் அண்ணா சிரிச்சுக்கிட்டே "எங்க பூட்டன் வெட்டின கரும்பும் மெஷினுக்கு அன்னாசிதான் போல"ன்னார்.

அன்னாசில கரும்பு சக்கரை கலந்தா கார்பன் நம்பர் காட்டிக்கொடுக்காதுங்கறதால, அப்புறம் ஃபார்மால் டைட்ரேஷன்னு அமினோ ஆசிட் அளக்கற டெஸ்ட்ட கத்துக்கொடுத்தார், வெறும் சக்கரத்தண்ணில அது இருக்காதே. ஜூஸ பிஎச் 8.1க்கு கொண்டு வந்து ஃபார்மாலின் ஊத்தினா மீட்டர் சட்டுனு இறங்கும், திரும்ப 8.1க்கு ஏத்த எவ்ளோ காஸ்டிக் சோடா குடிக்குதோ அதான் பழத்தோட அமினோ ஆசிட் கணக்கு. ஃபார்மாலினையும் முன்னாடியே 8.1ல வச்சுக்கணும், மறந்தா அதுல இருக்கற ஆசிட்டும் பழத்து கணக்குல ஏறிடும் (நான் மறந்திருக்கேன், ரெண்டு தடவ). மூக்கு எரிச்சல் தனி.

ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு அன்னாசி வந்துச்சு, பிரிக்ஸ் (கரைஞ்ச சக்கரையோட அளவு) கரெக்டா 12.8, கோடெக்ஸ்ங்கற சர்வதேச உணவுத் தரத்துல கான்சென்ட்ரேட்லேந்து கரைச்ச ஜூஸுக்கு கேக்கற அளவு, கார்பன் நம்பரும் அன்னாசி மாதிரியேதான். ஃபார்மாலின் ஊத்தினேன், மீட்டர் லேசா அசைஞ்சுது, அவ்ளோதான், நாலஞ்சு சொட்டு காஸ்டிக்ல பழையபடி 8.1. பொட்டாசியம் நல்ல ஜூஸ்ல லிட்டருக்கு வழக்கமா 1000 மில்லிகிராமுக்கு மேல இருக்கும், இதுல பாதி கூட இல்ல. பொட்டாசியம் உப்பையும் சேத்து கலக்கற கில்லாடிங்க உண்டு, இந்தாளுக்கு அவ்ளோ தூரம் பொறுமை இல்ல.

இருந்தாலும் பயம், மறுபடி ரெண்டு தடவ ஓட்டிட்டுத்தான் அண்ணாவ கூப்பிட்டேன். ப்யூரெட்ட குனிஞ்சு பாத்துட்டு "இப்ப டைப் பண்ணு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்க போயிட்டார்.