காய்ச்சல் விட்ட நாள்

டிசம்பர் 2

வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டது. இனி மாசி வரைக்கும் மட்டக்களப்பில் டெங்குக் காலம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் மருந்துக்கு முன்னம் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுங்கள். காய்ச்சல் தொடங்கிய திகதியையும் மணியையும் எழுதுங்கள். "மூணு நாளாக் காயுது டொக்டர்" என்றால் போதாது. திங்கள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கியதென்றால் செவ்வாய் இரவு எட்டு மணிக்குத்தான் முதல் நாள் முடிகிறது. வீட்டில் செவ்வாய் விடியவே இரண்டாம் நாள் என்று எண்ணிவிடுவார்கள். எந்தச் சோதனை எப்போது, ஆபத்து எப்போது என்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

டெங்கு என்றால் காய்ச்சல் திடீரென 39, 40 பாகைக்கு ஏறும். முகம் சிவக்கும், கண்ணுக்குப் பின்னால் வலிக்கும், உடம்பு உழையும், சத்தி வரும். இருமலும் மூக்கொழுகலும் பெரும்பாலும் இராது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் சேர்ந்து வரலாம். "தடிமன்தானே" என்று விட்டுவிட வேண்டாம்.

டிசம்பர் 4

பனடோல், அதாவது பரசிற்றமோல், கணக்கு வயதுக்கு அல்ல, நிறைக்கு. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் கூடாது. 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். பாணி மருந்து 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்றால் 7.5 மில்லிலீற்றர். எல்லாப் போத்தலிலும் மருந்தின் செறிவு ஒன்றல்ல, லேபலை வாசித்துவிட்டு அளந்து கொடுங்கள்.

பிழை நடப்பது வீட்டுக்குள்தான். அம்மா ஆறு மணிக்குக் கொடுத்தது தெரியாமல் அம்மம்மா எட்டு மணிக்கு இன்னொரு தரம் கொடுப்பார். போதாததற்குப் பின்வழியாக வைக்கும் மருந்தும் பரசிற்றமோல்தான். அளவு கூடினால் ஈரல் தாங்காது, டெங்குவில் அது ஏற்கெனவே வீங்கியிருக்கும். கொடுத்த மணியைக் கொப்பியில் போடுங்கள்.

இவுபுரோஃபென், மெபனமிக் அசிட், டைக்குளோபெனாக், அஸ்பிரின் நான்கும் வேண்டாம். காய்ச்சலை வேகமாக இறக்கும், ஆனால் வயிற்றில் இரத்தம் கசிய வைக்கும். பனடோலுக்குக் காய்ச்சல் 38.5க்கு இறங்கினாலே போதும். மீதிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடையுங்கள்.

டிசம்பர் 5

"நிறையக் குடிக்கக் குடுங்க" என்பதும் அரைகுறைப் பேச்சுத்தான். முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லிலீற்றர், அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 20 கிலோ பிள்ளைக்கு நாளுக்கு 1500 மில்லிலீற்றர், மணிக்கு ஏறத்தாழ 60. கோடு போட்ட பால்போத்தலில் 60 அளந்து வீட்டுக் கோப்பையில் ஊற்றி, எதுவரை வருகிறது என்று ஒருதரம் பார்த்துவைத்தால் போதும்.

ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த கரைசல்), இளநீர், கஞ்சித் தண்ணீர், பால், தோடம்பழச்சாறு எதுவும் நல்லது. வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் உடலில் உப்புக் குறையும். பீற்றூட் சாறும் சிவப்பு, கறுப்புச் சோடாவும் கொடுத்தால் சத்தி எடுக்கும்போது அது இரத்தமா சோடாவா என்று வாட்டில் யாருக்கும் தெரியாது.

பப்பாசி இலைச்சாறு பற்றித் தினமும் கேள்வி வருகிறது. கசப்பில் பிள்ளை குடித்த ஜீவனியையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். நாங்கள் சொல்வதில்லை.

டிசம்பர் 8

இரத்தச் சோதனை, அதாவது இரத்த அணுக்களை எண்ணும் எஃப்பிசி, மூன்றாம் நாள். முதல் நாளே எடுத்து "எல்லாம் நோமல்" என்று துண்டை மடித்து வைப்பதில் பயன் குறைவு. முதல் நாட்களில் எடுப்பதற்கு, இரத்தத்தில் டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை இருக்கிறது. அது இல்லை என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று ஆகாது.

இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 150,000க்குக் கீழே வந்தால் தினமும் எடுக்க வேண்டும். 100,000க்குக் கீழே என்றால் வாட்டுக்கு. எல்லாரும் பிளேட்லெட்டை மட்டுமே பார்க்கிறார்கள், அதே துண்டில் வெள்ளணுவும் இருக்கிறது. அது 5,000க்குக் கீழே போனால் அடுத்த 24 மணித்தியாலத்தில் காய்ச்சல் விடப் போகிறது, ஆபத்தான கட்டம் வாசலில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை, உடல் பருத்த பிள்ளை, வேறு நோயுள்ள பிள்ளை என்றால் எண்ணைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவர்களும் அப்படித்தான். இரவில் ஆனைக்குப் பயந்து ஓட்டோ வராது. பகலிலேயே புறப்படுங்கள்.

டிசம்பர் 11

நாலாம், ஐந்தாம் நாளில் காய்ச்சல் விடும். வீட்டில் தலைக்கு ஊற்றலாமா என்று கேட்பார்கள். வாட்டில் அப்போதுதான் தாதியர் மணிக்கொருதரம் கட்டிலுக்கு வருவார்கள். இரத்தக் குழாய்ச் சுவர் வழியே நீர் நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசிகிறது. குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் தடிக்கிறது, சுற்றோட்டம் தளர்கிறது. இது 24 முதல் 48 மணித்தியாலம்.

காய்ச்சல் விட்ட பிள்ளை எழும்பி விளையாடினால், சாப்பாடு கேட்டால் நல்லது. காய்ச்சல் விட்டும் சுருண்டு படுத்திருந்தால் அது சுகம் அல்ல. கையும் காலும் குளிர்வது, ஓயாத வயிற்றுவலி, விடாத சத்தி, மூக்கு முரசில் இரத்தம், கறுப்பு மலம், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாதது: இதில் ஒன்று போதும், உடனே ஆசுபத்திரி.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது ஒன்று. பிள்ளையின் கையை நெஞ்சு உயரத்தில் பிடித்து, விரல் நுனியை ஐந்து செக்கன் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் சிவக்க வேண்டும். சுணங்கினால் காத்திருக்க வேண்டாம். மழைக்குளிரில் கை விறைத்திருந்தாலும் சுணங்கும், சூடான அறையில் பாருங்கள்.

பிரஷரிலும் ஏமாறலாம். 100/80 என்றால் மேல் எண் நன்றாகத்தான் தெரியும். இரண்டுக்கும் இடைவெளி 20தான். அது அதிர்ச்சி நிலை, அதாவது உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாத நிலை. பிள்ளை அப்போதும் தெளிவாகப் பேசும், பெயர் சொல்லும்.

டிசம்பர் 12

"செலைன் ஏத்தாமச் சும்மா வச்சிருக்காங்க" என்று வாட்டு வாசலில் மனவருத்தம். கசியும் நேரத்தில் அளவுக்கு மேல் ஏற்றினால் அதுவும் சேர்ந்து கசியும். இரண்டு நாளில் கசிவு நின்று நீரெல்லாம் குழாய்க்குள் திரும்பி வரும்போது நெஞ்சில் நீர் கட்டி மூச்சு முட்டும். அதனால் வாயால் குடித்ததும் ஊசியால் ஏறியதும் ஒரே கணக்கில் எழுதப்படும். தெரியாமல் ஒரு போத்தல் இளநீர் பருக்கினால் கணக்குப் பிழைக்கும்.

சலமும் கணக்குத்தான். 12 கிலோ பிள்ளைக்கு நாலு மணித்தியாலத்தில் 24 முதல் 48 மில்லிலீற்றர். பம்பர்ஸ் கட்டும் பிள்ளையென்றால் காய்ந்ததையும் நனைந்ததையும் நிறுக்கிறார்கள், ஒரு கிராம் ஒரு மில்லிலீற்றர். ஆகவே கழற்றிய பம்பர்ஸை எறியாதீர்கள்.

பிளேட்லெட் 20,000 என்று தொலைபேசியில் இரத்தம் தேடி அலைவதும் வேண்டாம். இரத்தப்போக்கு இல்லாமல் எண் குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதில்லை.

டிசம்பர் 17

சிவந்த தோலில் வெள்ளைத் திட்டுகள், உள்ளங்கையிலும் காலிலும் சொறியும் கடி, நல்ல பசி. தேறுகிறது. கடிக்கென்று ஸ்ரீரொயிட் மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். டெங்கு வைரசில் நாலு வகை. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்குத்தான் காப்பு, மற்ற வகை பிறகு வந்தால் கடுமையாகலாம்.

டிசம்பர் 27

மழை விட்டிருக்கிறது. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் என்று வாவிக்கரையிலும் கடற்கரையிலும் இன்னும் நம்புகிறார்கள். மட்டக்களப்புக் கரையோரத்தில் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது: கைவிட்ட வள்ளங்களிலும் பாவிக்காத கிணறுகளிலும் உவர்நீரில் குடம்பிகள் வளர்ந்திருந்தன. கரையில் ஏற்றிய வள்ளத்தைக் கவிழ்த்து வையுங்கள்.

எலி கடித்து விழுந்த குரும்பை, சிரட்டை, கூரைப் பீலி, ஃபிரிட்ஜின் பின் தட்டு எல்லாம் வாரத்துக்கு ஒருதரம் பார்த்துத் துப்பரவாக்குங்கள். வாளியில் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, முட்டை சுவரோடு ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழைக்குப் பொரிக்கும். தும்புப் பிரசால் உள்சுவரை உரஞ்சுங்கள். வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளை இருந்தால் பகலிலும் வலைக்குள் படுக்க விடுங்கள், அந்தப் பிள்ளையைக் கடித்த நுளம்புதான் மற்றப் பிள்ளைக்குக் கொண்டுபோகும்.