வண்டியில் ஒன்றுமில்லை

செப்டம்பர் 26, 2025, வெள்ளி

தமிழாசிரியர் ஐயா இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக வண்டியைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். நூறு சிசி வண்டி, பதினோரு வருடப் பழசு. "நேராகப் போகமாட்டேன் என்கிறது தம்பி. திருப்பினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புகிறது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இயைபே இல்லை" என்றார்.

இருங்காட்டுக்கோட்டை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. டயரில் காற்று சரி, சக்கரத்தில் கோணல் இல்லை, பிரேக் சரி. "வண்டியில் ஒன்றுமில்லை ஐயா" என்று சொல்லி அனுப்பினேன். உங்களுக்கு வயதாகிவிட்டது என்று நான் சொன்னதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அக்கா மகன் வந்தான். பந்தயத் தடத்தில் ஒரே மாதிரி வண்டிகளுக்கான போட்டியில் ஓடுகிறான். போன முறை ஏழாவது. எல்லோருக்கும் ஒரே வண்டி, ஒரே டயர். வண்டியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆளின் திறமை என்பதுதான் அந்தப் போட்டியின் ஏற்பாடு. ஆனால் இவனுக்குக் கிடைத்த வண்டியில் மட்டும் அரைக் குதிரைத்திறன் குறைகிறதாம். ஜெயித்தவன் வாயிலிருந்து இந்தப் புகார் வந்து நான் கேட்டதே இல்லை.

தன் வண்டி என்றால் குறை வண்டியில். மோட்டோஜிபி என்ற உலக மோட்டார்சைக்கிள் பந்தயத் தொடர் என்றால் மட்டும் எல்லாம் ஆள்தான் என்பான். நான் நேரெதிர். 2024-இல் நடந்த 20 பந்தயங்களில் 19-ஐ இத்தாலியின் டுகாட்டி வண்டிகளே வென்றன. அமெரிக்காவின் ஆஸ்டினில் வின்யாலெஸ் என்ற வீரர் அப்ரிலியா வண்டியில் ஜெயித்தது ஒன்றுதான் விலக்கு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டேன். "அப்படியானால் டுகாட்டியில் ஏறிய எல்லோரும் சாம்பியனா மாமா?" என்றான். டீ ஆறுகிறது என்று பேச்சை மாற்றினேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலை பத்தரைக்கு ஜப்பான் பந்தயம். எண்ணெய் டின்னில் சாய்த்துவைத்த கைபேசியில் பார்த்தோம்.

இந்த வருடப் பட்டம் உறுதியாக மார்க் மார்க்வெஸ் இரண்டாவதாக வந்தாலே போதும் என்றிருந்தது, வந்தார். மோட்டோஜிபியில் ஏழாவது பட்டம், சிறிய பிரிவுகளையும் சேர்த்தால் ஒன்பதாவது. முந்தைய பட்டம் 2019 அக்டோபரில். நடுவில் 2,184 நாள். 2020-இல் ஹெரெஸ் தடத்தில் விழுந்து வலது மேற்கை எலும்பு முறிந்தது. வைத்த தகடு, வீட்டில் ஒரு கதவைத் திறந்தபோது சேதமானது. மொத்தம் நான்கு அறுவைச் சிகிச்சைகள். நான்காவதில் எலும்பை வெட்டி 30 பாகைக்கு மேல் திருப்பிப் பொருத்தினார்கள். ஃபோர்க் முறுக்கிக்கொண்ட வண்டியை நேராக்குவது எங்கள் தொழிலில் உண்டு. கையையும் அப்படி நேராக்கலாம் என்பதை இவர் கதையில்தான் அறிந்தேன்.

பந்தயம் நடந்த மோட்டேகி தடம் ஹோண்டாவின் சொந்தச் சொத்து. பதினொரு வருடம் ஹோண்டாவில் ஓடியவர், ஹோண்டாவின் முற்றத்திலேயே டுகாட்டியில் பட்டம் வாங்கினார்.

பையன் குதித்தான். "பார்த்தீர்களா மாமா, மனிதன்!" எனக்கோ முதலாவதாக வந்தவர் மேல்தான் கண். பாக்னாயா. அதே அணி, அதே சிவப்பு வண்டி. 2022, 2023 சாம்பியன். இந்த வருடம் ஆஸ்டினில் ஒன்றே ஒன்று ஜெயித்துவிட்டு, முன்சக்கரத்தில் நம்பிக்கை வரவில்லை என்று மாதக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்தவர். மோட்டேகியில் முதலிடத்திலிருந்து கிளம்பி, நேற்றைய குறும்பந்தயத்தையும் இன்றைய பந்தயத்தையும் சேர்த்து அள்ளினார். கடைசிச் சுற்றுகளில் அவர் வண்டியிலிருந்து புகை கிளம்பியது. என் கை தானாக ஸ்பேனரைத் தேடிற்று. அப்படியே புகைந்துகொண்டு கோட்டைத் தாண்டினார்.

வண்டி சரியாகிவிட்டது, இனி பாருங்கள் என்று அறிவித்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுதபூஜை. ஊரிலுள்ள எல்லா வண்டியும் இன்றே கழுவப்பட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது போலும். இரவு பதினொன்றரை வரை வேலை.

காற்றடிக்கும்போது பையனிடம் தாய்லாந்துக் கதையைச் சொன்னேன். மார்ச் மாதம், வருடத்தின் முதல் பந்தயம். முன்னால் தனியாக ஓடிக்கொண்டிருந்த மார்க்வெஸ் திடீரென்று வேகத்தைக் குறைத்துத் தம்பி அலெக்ஸை முன்னே விட்டார். முன் டயரில் 1.8 பார் என்ற அளவுக்குக் குறையாமல் காற்றழுத்தம் இருக்க வேண்டும் என்று விதி. எதிர்க்காற்று தடையில்லாமல் பட்டு டயர் குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும், அப்புறம் தண்டனை. தம்பியின் வண்டி கக்கும் சூட்டில் டயரை வாட்டி, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு, கடைசியில் முந்தி ஜெயித்தார். டயர் சூடேறுவதற்காகப் பின்னால் போகத் துணிவது எந்தக் கணக்கில் சேரும்? ஆளா, வண்டியா? பையன் ஆள் என்றான். நான் காற்று என்றேன்.

அக்டோபர் 1, புதன்

பூஜை முடிந்தது. ஸ்பேனர், சுத்தியல், காற்றுமானி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொரி, கடலை. வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். சில்லை ஓரமாகத் தள்ளச் சொன்னேன். பண்டிகை நாளில் பூசணிச் சில்லில் சறுக்கி வந்து நிற்கும் வண்டிகளால் எனக்கு லாபம்தான், ஆனாலும் வேண்டாம்.

அக்கா மகன் பழைய டப்பாவிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கை எடுத்து, இதற்கு எதற்குப் பொட்டு என்று கேட்டான். அது சோழவரத்துப் பிளக்.

1987. எனக்குப் பதினேழு வயது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம். ஆர்எக்ஸ் 100 ஓட்டிய ஒருவருக்கு நான் எடுபிடி. பயிற்சி முடிந்து வந்ததும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது என் வேலை. காப்பிப் பொடி நிறமென்றால் நலம். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, எஞ்சின் உள்ளே வேகிறது என்று பொருள். அன்று பிளக் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. "வண்டி எப்படி அண்ணா?" என்று கேட்டேன். "பறக்கிறது. கையை வைக்காதே" என்றார். பறந்ததும் உண்மை. எஞ்சின் சூட்டில் இறுகிப் பிடிக்கப் பார்க்கும்போதெல்லாம் கிளட்சில் வைத்திருந்த இரண்டு விரலால் அதைச் சமாளித்துக்கொண்டு, அந்த நாளின் மிக வேகமான சுற்றை ஓட்டியிருக்கிறார். தான் சமாளிக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. பந்தயத்தில் மூன்றாவது சுற்று, பிஸ்டன் ஓட்டை. சுமாரான ஆளாக இருந்திருந்தால் பயிற்சியிலேயே "ஏதோ சரியில்லை" என்று வந்து நின்றிருப்பார், பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை மாற்றியிருப்போம்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி, பட்டறை விடுமுறை. சோழவரத்துப் பிளக் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

2004-இல் வாலன்டினோ ரோஸ்ஸி ஹோண்டாவை விட்டு யமஹாவுக்குப் போனார். அதற்கு முந்தைய வருடம் முழுவதும் யமஹாவுக்கு ஒரே ஒரு மூன்றாமிடம். தென்னாப்பிரிக்காவின் வெல்கம் தடத்தில் முதல் பந்தயத்திலேயே ஹோண்டாவில் ஓடிய பியாஜியை 0.210 நொடியில் தோற்கடித்துவிட்டு, வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆள்தான் என்பவர்களுக்கு இது வேதவாக்கு. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் யமஹா பொறியாளர் மசாவோ ஃபுருசாவாவின் ஆட்கள் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்கையே மாற்றியிருந்தார்கள். நான்கு சிலிண்டரும் சீரான இடைவெளியில் வெடிக்காமல் முன்பின்னாக வெடிக்கும் எஞ்சின். நான்கு விதமாகச் செய்து கொடுத்ததில் தன் வலது கைக்கு இணக்கமானதை ரோஸ்ஸி தேர்ந்தார். ஹோண்டாவிலிருந்து தன் தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜஸையும் கையோடு அழைத்துப் போயிருந்தார். அந்த வெற்றியில் வண்டியின் பங்கைப் பிரித்தெடுக்க யாரால் முடியும்?

அதே ரோஸ்ஸி 2011, 2012-இல் டுகாட்டியில். ஒரு வெற்றியும் இல்லை. டுகாட்டி அப்போதும் வேகமான வண்டி என்றுதான் உலகம் நினைத்தது. காரணம் கேஸி ஸ்டோனர். 2007-இல் அதில் பத்துப் பந்தயம் ஜெயித்துச் சாம்பியன் ஆனார். அதே வண்டியில் அணித்தோழர் கபிரோஸ்ஸிக்கு ஒன்றுதான். அடுத்த வருடம் அந்த அணிக்கு வந்த மெலாண்ட்ரி புள்ளிப் பட்டியலில் பதினேழாவது. முன்பக்கம் சொல்பேச்சுக் கேட்காத வண்டியை ஸ்டோனர் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டே திருப்பிவிடுவார். அவர் இருக்கும்வரை பிளக் வெளுத்திருப்பது வெளியே தெரியவில்லை.

ஹோண்டாவும் அப்படித்தான். 2019-இல் மார்க்வெஸ் 420 புள்ளி. மூன்று முறை மோட்டோஜிபி சாம்பியனான லொரென்ஸோ, அதே அணியில் 28. ஹோண்டாவில் யாரும் பதறியதாகத் தெரியவில்லை, பட்டம்தான் கையில் இருக்கிறதே. அடுத்த வருடம் மார்க்வெஸின் கை முறிந்தது. அந்த முழுப் பருவத்திலும் ஹோண்டாவுக்கு வெற்றியே இல்லை. 1981-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

ஆளா வண்டியா என்ற கேள்வியில் நானும் பையனும் இருபது வயது வித்தியாசத்தில் ஒரே தப்பைச் செய்கிறோமோ என்று தோன்றுகிறது. (இருபது அல்ல, முப்பத்தாறு. விடுமுறை நாளில் கணக்கும் விடுமுறை எடுத்துக்கொள்கிறது.) கெட்டிக்காரன் வண்டிக்கு வேகத்தை மட்டும் தருவதில்லை. அதன் நோயை மூடிமறைக்கவும் செய்கிறான், சில சமயம் தனக்குத் தெரியாமலேயே.

அக்டோபர் 4, சனி

இந்தோனேசியா, மண்டாலிகா. குறும்பந்தயத்தில் பாக்னாயா, முடித்தவர்களில் கடைசி. மோட்டேகியில் ஜெயித்து ஆறு நாள்தான் ஆகிறது. "வண்டி சரியாகிவிட்டது என்றீர்களே மாமா" என்று கைபேசியில் செய்தி வந்தது. பதில் போடவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

முதல் சுற்றிலேயே அப்ரிலியா வீரர் பெஸ்ஸெக்கி பின்னாலிருந்து மோதி மார்க்வெஸ் விழுந்தார். வலது தோள். நான்கு முறை வெட்டித் தைத்த அதே கை. காறை எலும்பு முறிந்திருக்கிறது என்கிறார்கள். பாக்னாயா கடைசியாக ஓடிக்கொண்டிருந்தபோதே விழுந்தார். ஜெயித்தது ஃபெர்மின் அல்டெகர், இருபது வயது, இந்த வருடம்தான் இந்தப் பிரிவுக்கே வந்தவர். வண்டி, போன வருடத்து டுகாட்டி.

பையன் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு பாக்னாயாவின் புலம்பல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இந்த வருடம் அந்த வண்டியில் பதினொரு முறை ஜெயித்த மார்க்வெஸ் இருக்கும்போது, அதே வண்டியைப் பற்றி இன்னொருவர் சொல்லும் குறையை யார் காதில் வாங்குவார்? "வண்டியில் ஒன்றுமில்லை" என்று எத்தனை பேர் அவரிடம் சொல்லியிருப்பார்கள்?

அந்தச் சொல்லை எழுதியபோதுதான் சுருக்கென்றது.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் முதல் வேலையாகத் தமிழாசிரியருக்குப் போன் செய்து வண்டியை வாங்கிவந்தேன். இந்த முறை ஓட்டவில்லை. நடு ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினேன். ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக இடமும் வலமும் திருப்பினேன். சரியாக நடுவில் வரும்போது இலேசாக ஒரு கடி. இருக்கிறதா இல்லையா என்ற அளவு.

ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் குண்டுகள் உருளும் கோன் செட்டைக் கழற்றினேன். கீழ்க் கிண்ணத்தில் குண்டுகள் உட்கார்ந்து உட்கார்ந்து வரிசையாகப் பள்ளம், மிளகை அழுத்திவைத்ததைப் போல. நேராகப் போகும்போது குண்டுகள் அந்தப் பள்ளத்தில் விழுந்து நிற்கும், திருப்பினால் ஏறி வர ஒரு நொடி யோசிக்கும். ஐயா சொன்ன அதே ஒரு நொடி. ஓட்டிப் பார்த்த மூன்று முறையும் என் கை அதைக் கேட்காமலேயே சரிசெய்துகொண்டு போயிருக்கிறது. நாற்பது வருடப் பழக்கம்.

பழைய கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தேன். நகத்தால் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "இதைத்தானே தம்பி சொன்னேன்" என்றார். கூலி வேண்டாம் என்றேன். மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இருட்டும் நேரத்தில் அக்கா மகன் வந்து, அரைக் குதிரைத்திறன் குறைகிறது என்று மறுபடி ஆரம்பித்தான். எந்த கியரில், எந்த வளைவில் என்று கேட்டேன். முதல் முறையாகக் கேட்டதால் கொஞ்சம் திகைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.