குளத்தில் தலைகீழாக ஒரு கோயில்

கியோத்தோவில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் உஜி வந்துவிடும். பச்சைத் தேயிலைக்குப் பேர்போன ஊர். தேயிலை வறுக்கும் வாசனை பிடித்தபடி பத்து நிமிடம் நடந்தால் பியோதோஇன் கோயில். ஜப்பானில் 10 யென் காசு கைக்கு வந்த எவரும் இந்தக் கோயிலைப் பார்த்திருப்பார்கள். காசில் இருப்பது இங்குள்ள ஃபீனிக்ஸ் மண்டபம்தான்.

முதல் நாள் மதியம் போய் ஏமாந்தேன். சூரியன் கூரைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எடுத்த படத்திலெல்லாம் மண்டபம் கரிக்கட்டை. கொஞ்சம் யோசித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். மண்டபத்துக்குள் இருப்பது அமிதாப புத்தர். அவருடைய சொர்க்கமான சுகாவதி மேற்கில் இருப்பதாக நம்பிக்கை. அதனால் அவர் மேற்கே அமர்ந்து கிழக்கு பார்க்கிறார், நாம் கீழ்க்கரையில் நின்று மேற்கு நோக்கிக் கும்பிட வேண்டும். கிழக்கு பார்த்த சன்னிதிகளிலேயே வளர்ந்தவனுக்கு இது உறைக்கவில்லை!

மறுநாள் கதவு திறந்ததுமே உள்ளே போய்விட்டேன். செந்நிறத் தூண்களில் இளவெயில், குளத்தில் அலையே இல்லை. வடமொழி 'அ' எழுத்தின் பெயரைக் கொண்ட குளம் இது. ஆசையாக எடுத்துப் பார்த்தால், பிம்பம் பாதிக்கு மேல் காணோம். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, முந்தைய நாள் மாட்டிய போலரைசர் ஃபில்டரைக் கழற்றவே இல்லை. தண்ணீரின் பளபளப்பை அடக்குவதுதான் அதன் வேலை, வந்ததோ பளபளப்பை எடுக்க. கழற்றிப் பையில் போட்டுவிட்டு, கரையோரம் குந்தி உட்கார்ந்து கேமராவைத் தாழ்த்தினேன். சரி, இப்போது இரண்டு மண்டபம்.

தர்மம் தேயும் கடைசிக் காலம் 1052-இல் தொடங்குகிறது என்று அன்றைய ஜப்பானில் பலர் நம்பினார்கள். அந்த ஆண்டுதான் அரசப் பிரதிநிதியாக இருந்த ஃபுஜிவாரா நோ யோரிமிச்சி தன் தந்தையின் மாளிகையைக் கோயிலாக்கினார். அடுத்த ஆண்டு இந்த மண்டபம் எழுந்தது. சொர்க்கம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குக் காட்டவே கட்டியது போல இருக்கிறது.

பக்கத்தில் ஒரு பாட்டி வந்து நின்றார். கையில் கேமரா இல்லை, போனும் இல்லை. "நமு அமிதா புட்சு", அமிதாப புத்தரே சரணம் என்று மெல்லச் சொல்லிக் கைகூப்பினார். அவர் பார்த்த திசையில் லென்ஸை நெருக்கினேன். மரச் சட்டத்தின் நடுவே வட்டமாக ஒரு திறப்பு, அதற்குள் பொன்முகம். அக்கரையில் நிற்பவருக்கும் முகம் தெரியட்டும் என்று விட்ட திறப்பு அது. நான் அரை மணி நேரமாகக் கூரையையும் அதன் பிம்பத்தையும் மட்டுமே அளந்துகொண்டிருந்தேன்.

மண்டபத்துக்குள் போகத் தனிச் சீட்டு. ஒரு தடவைக்கு ஐம்பது பேர், படம் எடுக்கக் கூடாது. சிற்பி ஜோச்சோ மரத்துண்டுகளை இணைத்துச் செய்த அமிதாபர் கிட்டத்தட்ட 2.8 மீட்டர் உயரம். சுற்றுச் சுவரில் மேகத்தில் ஏறி வரும் போதிசத்துவர்கள். ஒருவர் கையில் மத்தளம், ஒருவர் ஆடுகிறார்.

வெளியே வருமுன் அமிதாபர் பார்க்கும் பக்கம் திரும்பிப் பார்த்தேன். எதிர்க்கரையில் வரிசையாகக் கேமராவைத் தூக்கிப் பிடித்த மனிதர்கள், அவர்களுக்குக் கீழே குளத்தில் தலைகீழாக அதே வரிசை.