வீட்டுக் கல்யாண விசிடி, டிவிடிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை: இதுவரை

எங்கள் வீட்டில் இரண்டு கல்யாண வீடியோக்கள் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. 2003-இல் நடந்த சித்தப்பா கல்யாணம் விசிடிகளில், 2009-இல் நடந்த அக்கா கல்யாணம் ஒரு டிவிடியில். டிவிடி பிளேயர் போய்விட்டது. கெடுவதற்குள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று இறங்கினேன். கையில் இருப்பது உபுண்டு (லினக்ஸ்) போட்ட லேப்டாப், யூஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி டிரைவ், விஎல்சி என்ற வீடியோ பிளேயர். விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. அதனால் விண்டோஸ்காரர்களும் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் விஎல்சியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதலில் விசிடி. விஎல்சியில் நன்றாக ஓடியது. ஆனால் ஃபோல்டரைத் திறந்து படம் இருக்கும் டாட் (.DAT) கோப்பைக் காப்பி எடுத்தால் உடனே பிழை காட்டி நின்றது. ஓடுகிற டிஸ்க் ஏன் காப்பி ஆகாது? டிஸ்க்கில் தகவல் செக்டார் என்னும் சிறு துண்டுகளாக இருக்கும். சாதாரண டேட்டா சிடியில் ஒரு செக்டாருக்கு 2048 பைட்தான் நம் தகவல். பிழை திருத்தத்துக்கென்று 276 பைட் தனியாக இருக்கும். விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரு செக்டாரில் 2324 பைட் வீடியோ. 700 எம்பி டிஸ்க்கில் கிட்டத்தட்ட 800 எம்பி படம் அடங்குவது இப்படித்தான். கீறல் பட்ட இடத்தில் படம் சட்டென்று கட்டம் கட்டமாக உடைவதும் இதனால்தான், அந்தக் கூடுதல் திருத்தம் அங்கே இல்லை. லினக்ஸ் இதைச் சாதாரணக் கோப்பாக 2048 கணக்கில் படிக்கப் போய்த் திணறுகிறது. விசிடி இமேஜர் என்ற மென்பொருள் தொகுப்போடு வரும் விசிடிஎக்ஸ்ரிப் நேராக செக்டார்களைப் படித்து எம்பெக் கோப்பாகத் தந்துவிட்டது. படம் 352-க்கு 288 தான். பெரிதாக்கவோ வேறு வடிவத்துக்கு மாற்றவோ வேண்டாம், வந்ததை வந்தபடியே வைத்திருப்பதுதான் நல்லது.

டிவிடிதான் படுத்தி எடுத்தது. முகூர்த்தம் முழுக்கச் சுத்தமாக ஓடும். வரவேற்பில் சொந்தக்காரர்கள் வரிசையாக மேடை ஏறும் இடத்தில் படம் அப்படியே நிற்கும், டிரைவ் டக் டக்கென்று தேட ஆரம்பிக்கும். விசிடி நன்றாக ஓடியதே, டிரைவில் கோளாறு இல்லை என்று நினைக்க முடியாது. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. ஒன்று வேலை செய்து மற்றது மங்கியிருக்கலாம். வேறொரு டிவிடி போட்டுப் பார்த்தேன், கடைசி வரை ஓடியது. ஆக, டிஸ்க்தான்.

ஒற்றை அடுக்கு டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகும். வரவேற்பு இருப்பது வெளி ஓரத்தில். போதாக்குறைக்கு, மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கரை மேலே ஒட்டியிருந்தார்கள். அது டிஸ்க்கை லேசாக வளைக்கும், சுற்றும்போது ஆட வைக்கும், ஓரத்தில்தான் அதிகம் தெரியும். அதை உரிக்கவே கூடாது. பாதி உரிந்து நின்றால் ஆட்டம் இன்னும் மோசமாகும். பழைய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது பதிவின் தடத்தோடே ஓடிப் பெரிய பகுதியையே கெடுத்துவிடும்.

அப்புறம் குனு டிடிரெஸ்க்யூ, பழுதான டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் மென்பொருள். பிளாக் அளவை 2048 என்று கொடுத்து ஓட்டினேன். முதல் சுற்றில் சுலபமாக வருவதை எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களை மேப் கோப்பில் குறித்துவிட்டுத் தாண்டிப் போகும். இந்த மேப் கோப்புதான் இதில் விசேஷம். அதே ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் முழு நகலாக உருவாகும் கோப்பு), அதே மேப்பை வைத்து வேறு டிரைவில் தொடரலாம். நண்பன் வீட்டு மேசைக் கணினியின் பழைய டிரைவில் டிஸ்க்கைப் போட்டதும் லேப்டாப்பில் வராத செக்டார்களில் பெரும்பாலானவை வந்துவிட்டன.

மிச்சத்துக்கு அக்காவின் மாமியாருக்குப் போன் போட்டேன். ஸ்டுடியோவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே டிவிடியைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"அந்த டிவிடி இன்னும் இருக்கா அத்தை?"

"பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு தம்பி. யாரும் போட்டே பார்த்ததில்ல."

வாங்கி வந்து முதலில் அளவைப் பார்த்தேன், பைட் மாறாமல் ஒத்துப்போனது. ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் கலக்கவே கூடாது. அந்தப் பிரதியிலிருந்து ஓட்டைகளை மட்டும் நிரப்பும்படி டிடிரெஸ்க்யூவிடம் சொன்னேன். பாட்டி மேடை ஏறி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அக்காவின் கன்னத்தைத் தொடும் இடம் இத்தனை வருடம் கழித்து முழுதாக ஓடியது. அதை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்சதை தூவும் கைகளில் மட்டும் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தன. அது பழுது இல்லை, அந்தக் காலக் கேமரா ஒரு காட்சியை இரண்டு பாதியாக எடுத்ததன் அடையாளம். விஎல்சியில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து யாடிஃப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போய்விடும்.

இன்னும் ஒன்று பாக்கி: சித்தப்பாவின் வீடியோ கேமராவில் எடுத்த 8 செ.மீ. குட்டி டிவிடி. கம்ப்யூட்டர் அதைக் காலி டிஸ்க் என்கிறது. ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை முடித்து வைக்காமல், விட்டிருப்பார்கள். எடுத்த கேமராவிலேயே போட்டு அதைச் செய்து பார்க்க வேண்டும். கேமரா இருக்கிறது, சார்ஜரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.