மனநல கவுன்சிலர்கிட்ட முதல் தடவை போறவங்களுக்கு

முதல் செஷன்ல ஒன்னுமே நடக்கலையேன்னு நிறைய பேர் அதோட விட்டுடறாங்க, எனக்கு அத கேக்கும்போதெல்லாம் வருத்தமா இருக்கும். முதல் நாள் பெரும்பாலும் கேள்விதான், தூக்கம் எப்படி, வீட்ல யார் யாரு, எப்போ இருந்து இப்படி இருக்கு, இதுலயே 50 நிமிஷம் ஓடிடும்.

நானும் ஏதாவது தீர்வு சொல்லுவாங்கன்னுதான் காத்துட்டு இருந்தேன். ஆனா அவங்க அட்வைஸ் எதுவும் பண்ணல, நாம பேசுறத பூரா கேட்டுட்டு "அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சு"ன்னு ஒன்னு கேட்டாங்க பாருங்க, அங்க உடைஞ்சு அழுதுட்டேன். கார்ல் ரோஜர்ஸ்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1957லயே எழுதுனது இதத்தான், எதிர்ல இருக்கறவங்க நம்மள எடை போடாம ஏத்துக்கணும், நம்ம இடத்துல நின்னு புரிஞ்சுக்கணும், உண்மையா இருக்கணும். நாலு செஷன் ஆகியும் அந்த உணர்வு வரலைன்னா ஆள மாத்திக்கலாம், தப்பே இல்ல, அவங்ககிட்டயே நேரா சொல்லிடலாம்.

நாம சொல்றது பொதுவா வெளிய போகாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு கொடுமை மாதிரி விஷயம்னா மட்டும் அவங்க சொல்ல வேண்டி வரலாம், அத முதல் நாளே கேட்டு தெளிவு பண்ணிக்கோங்க.

மாத்திரை தேவைப்பட்டா சைக்கியாட்ரிஸ்ட்கிட்ட, அதாவது மனநல டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. சிபிடி (நம்ம எண்ணத்தையும் நடந்துக்கறதையும் கவனிச்சு மாத்திக்கற சிகிச்சை) முறைன்னா வீட்டுப்பாடம் கூட இருக்கும், வர்ற எண்ணத்த நோட்ல எழுதிட்டு வர சொல்லுவாங்க, அத சோம்பேறித்தனம் படாம எழுதுங்க. சில நாள் உள்ள போனப்போ இருந்தத விட மனசு பாரமா வெளிய வருவீங்க, அன்னைக்கு வேற வேலை எதுவும் வச்சுக்காதீங்க.