ஏறாத ஹீமோகுளோபின்: டில்லி நாட்குறிப்பு

மார்ச் 9, 2024

அலுவலக ரத்ததான முகாமில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஹீமோகுளோபின் 10.8. குறைந்தது 12.5 இருந்தால்தான் எடுப்பார்களாம். வாரத்துக்கு நாலு நாள் ஓடுகிறவன் நான். வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு என்று ஒரு நாள் படுத்ததில்லை. சரி, இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வந்தேன்.

ஜூன் 22

மூன்று மாதம் ஒரு வேளை விடாமல் போட்டும் 10.9தான். "பெண்ணாக இருந்தால் மாதவிடாய் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு எங்கே போகிறது?" என்று டாக்டர் யோசித்தார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். மதுரையில் சோறும் இட்லியும். டில்லிக்கு வந்த 11 வருஷமாக இரண்டு வேளை சப்பாத்தி. டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

ஜூலை 14

சீலியாக் என்ற நோய். ரத்தத்திலும் தெரிந்தது, எண்டோஸ்கோபியில் எடுத்த சதைத் துணுக்கிலும் உறுதியானது. டாக்டர் சீட்டின் பின்பக்கம் விரல் விரலாக வரைந்தார். "குடலின் உள்பக்கம் இப்படி இருக்கணும்." பக்கத்தில் ஒரு நேர்கோடு. "உங்களுடையது இப்படி." கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டால் என் உடம்பே என் சிறுகுடலைத் தாக்குகிறது. இரும்பை உறிஞ்சுகிற இடமும் அதுதான். மாத்திரை எப்படி ஏறும்?

அந்த நேர்கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஜூலை 21

2016-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வைப் படித்தேன். ரத்தப் பரிசோதனையில் சீலியாக்கின் அடையாளம் தெரிந்தவர்கள் வடக்கே 100 பேரில் 1.23, தெற்கே 0.10. இதற்கு வாய்ப்பளிக்கும் மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. கோதுமைதான் வேறு: ஒரு நாளைக்கு வடக்கே 455 கிராம், தெற்கே 25. நம் ஊரிலும் இப்போது சுகர் என்றாலே ராத்திரி சப்பாத்திதானே!

சமையலறையில் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கோதுமை மாவு. இத்தனை வருஷம் ரசத்திலும் அதுதான்.

ஜூலை 28

அக்காவுக்கும் சுகர், ஐந்து வருஷமாக ராத்திரி சப்பாத்தி. ரத்தசோகையும் உண்டு. பொம்பளைகளுக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். கூடப் பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் போன் செய்தேன்.

"எனக்கென்னடா, நல்லாத்தானே இருக்கேன்."

"நானும் அப்படித்தான்க்கா இருந்தேன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சரி, இன்னைலேர்ந்து சப்பாத்தியை நிறுத்திடறேன்" என்றாள். நிறுத்தாதே என்று கெஞ்சினேன். நிறுத்திவிட்டால் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போய்விடலாம். வியாழக்கிழமை ரத்தம் கொடுக்கப் போகிறாள். பரிசோதனையெல்லாம் முடியும்வரை வழக்கம்போல் சாப்பிடச் சொல்லியிருக்கிறேன்.